மூட்டம்

அழுகிய லார்ச் கட்டைதான் சரிப்படும் என்கிறாள் அக்லாயா.
காய்ந்தது எரியும்.
எரிந்தால் கெட்டது,
புகைய வேண்டும்.
கொழுந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம்
ஈரப்பாசியை அள்ளி அதன் வாயில் அடைக்கிறாள்,
அதிகம் பேசும் புருஷனை அடக்குவது போல.
புரோகோப் எதுவும் சொல்லாமல்
மூட்டத்தைச் சுற்றிக் கழிகளை ஊன்றுகிறான்.
வேலி இல்லையென்றால்
பனிமான்கள் தணலிலேயே படுத்துவிடும்.
புகைமேல் அவ்வளவு ஆசை.

ஒலெக்மாவின் கிளையாறு ஒன்றில்
ஜூலை மாதம், முப்பத்திரண்டு டிகிரி.
தடுப்பூசிப் பெட்டியோடு வந்து இறங்கியவன் நான்.
வலைத்தொப்பிக்குள் இருந்து பார்த்தேன்:
எல்க் ஒன்று
மூக்குத்துளை இரண்டை மட்டும் வெளியே விட்டுவிட்டு
மீதியை ஏரியிடம் ஒப்படைத்திருந்தது.
பிசின் வடியும் மரத்தில் கரடியின் மயிர் ஒட்டியிருந்தது,
ஆளுயரத்துக்கு மேலே.
நாய் ஒரு முழம் தோண்டி
உருகாத மண்ணைத் தொட்டதும்
அடிவயிற்றை அதில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டது.
மாமூத்துகள் மிதித்த குளிர் அது,
நாய்க்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

பனிமான்தான் பாவம்.
குளிருக்குத் தைத்த சட்டை பாதி உதிர்ந்து
கந்தலாய்த் தொங்குகிறது.
நாக்கைத் தள்ளிக்கொண்டு இளைக்கிறது.
முளைக்கும் கொம்போ
மெல்லிய ரோமத்துக்கு அடியில் ரத்தம் ஓடும்
திறந்த சாராயக்கடை.
மூக்குக்குள் புழு பீய்ச்சும் ஈ ஒன்று உண்டு.
அதன் ஒற்றை ரீங்காரத்துக்கு
நூற்றிருபது தலைகளும் ஒரே சமயத்தில் தாழும்.

காலையில் மேயப் போகின்றன.
வெயில் ஏறினால்
யாரும் கூப்பிடாமலே வருகின்றன.
"கயிறு கிடையாதா?" என்றேன்.
"கொசுதான் கயிறு" என்றான் புரோகோப்.
அவன் அன்று பேசியது அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தெற்கே காடு பிடித்துக்கொண்டது.

தீ எங்களை எட்டவில்லை, புகை எட்டியது.
சூரியன் செல்லாத செப்புக்காசாய்த் தொங்கியது.
ஹெலிகாப்டர் வராது என்று ரேடியோவில் சொன்னார்கள்.
பனிக்கட்டி கரைந்த பெட்டியில்
என் மருந்துகள் வெந்நீராகின.
கொசு அருகிப்போனது. வலைத்தொப்பியைக் கழற்றினேன்.
மான்கள் வரவில்லை.
உலகமே மூட்டமாகிவிட்டால்
ஒரு பெண் போடும் மூட்டத்துக்கு
யார் வருவார்கள்?

ஆனாலும் போட்டாள்.
புகைக்குள் புகை.
இருமிக்கொண்டே பாசியை அடைத்தாள்.
பதினோரு நாள்.
பைத்தியம் என்று நினைத்தேன்,
சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் மழை.
வானத்தைக் கழுவிவிட்டு நின்றது.
அந்தி வரை காத்திருந்து,
சட்டைக் கையைச் சுருட்டி
முழங்கையை வெளியே நீட்டினாள் அக்லாயா.
ஒன்று வந்து உட்கார்ந்தது.
அடிக்கவில்லை.
அது வயிறு சிவந்து கனத்துப் பறக்கும்வரை பார்த்திருந்தாள்,
பிறகு கோடரியை எடுத்தாள்.

இரவு இரண்டு மணிக்கு முதல் மணியோசை.
விடியும்வரை எண்ணினோம்.
தொண்ணூற்றொன்று.
புரோகோப் மறுபடி எண்ணினான்.
தொண்ணூற்றொன்றுதான்.

கடைசியாய் வந்த பெண்மான்
முன்குளம்பு கருகி, நொண்டி,
மற்றவை புகையில் முகம் புதைத்துக் கிடக்க
அது மட்டும் கிட்டே வரவில்லை.
காற்று திரும்பிப் புகை அதன் பக்கம் போனால்
பத்தடி பின்வாங்கியது.
கொசுக்கள் அதைக்
கறுப்புப் போர்வையாய் மூடிக்கொண்டிருந்தன.

களிம்போடு போனேன்.
எனக்கு முன்பே அங்கே அக்லாயா இருந்தாள்,
லார்ச் கிளை ஒன்றால்
அதன் கண்களைச் சுற்றி விசிறிக்கொண்டு.
கை மாற்றக் கேட்டேன்.
"நீங்கள் குளம்பைப் பாருங்கள்" என்றாள்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது,
நான் தூங்கப் போனபோதும்
விசிறிக்கொண்டிருந்தாள்.